கிணற்று மூடியும் டாக்ஸிசைக்ளினும்

தாம்பரம் முத்துரங்கன் சாலையிலோ குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையிலோ உள்ள எந்த மருந்துக்கடையிலும் டாக்ஸிசைக்ளின் கிடைக்கும். முகப்பருவுக்கு வாங்குவார்கள். மழை வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வந்தவர்களுக்கு எழுதிக்கொடுப்பார்கள். சிறு உண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும் இதுதான் முதல் மருந்து. ஆனால் மலேரியாவுக்கும் இந்த ஆன்டிபயாடிக்குக்கும் பல பத்தாண்டு உறவு உண்டு என்பதும், மத்திய அரசின் மலேரியா சிகிச்சை நெறிமுறையிலேயே இது இடம்பெற்றிருப்பதும் பலருக்குத் தெரியாது. அந்த உறவின் வரலாற்றில் கிண்டிக்கும் தாம்பரத்துக்கும், மெட்ராஸில் மருத்துவம் படித்த ஒருவருக்கும் பங்கு இருக்கிறது.

கிண்டியிலிருந்தே தொடங்கலாம். அம்மை குத்துவதற்கான மருந்து தயாரிக்க 1899இல் உருவான கிங் இன்ஸ்டிட்யூட், மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கியது. 1904இல் அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். ஆர். கிறிஸ்டோஃபர்ஸ். அதற்கு முன்பே அவரும் ஜே. டபிள்யூ. டபிள்யூ. ஸ்டீஃபன்ஸும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சேர்ந்து மலேரியாவை ஆராய்ந்திருந்தார்கள். அந்த ஸ்டீஃபன்ஸின் பெயரைத்தான் 1901இல் ஓர் இந்தியக் கொசுவுக்குச் சூட்டினார்கள்: அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. சென்னை நகர மலேரியாவின் வேர் அந்தக் கொசுதான். அதே நிறுவனத்தில் பணியாற்றிய பேட்டனும் கிராகும் 1913இல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரும் பாடநூலை எழுதினார்கள். கொசுவையும் ஈயையும் அறுத்துப் பார்த்து எழுதப்பட்ட அந்த நூல் உலகெங்கும் மருத்துவர்களின் கைக்குப் போனது.

அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து என்றால் குயினின்தான். 1860களின் தொடக்கத்தில் கிளமென்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா, உதகையில் மெக்ஐவரின் கவனிப்பில் வேர்பிடித்தது. பிறகு நடுவட்டத்தில் தோட்டங்கள் பெருகின. சின்கோனாப் பட்டையில் குயினினோடு வேறு மூன்று ஆல்கலாய்டுகளும் உண்டு. அவை காய்ச்சலைத் தணிக்குமா என்று பார்க்க 1866இல் மெட்ராஸ் உட்பட மூன்று மாகாணங்களிலும் குழுக்கள் அமைக்கப்பட்டு, நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. நான்குமே பயன் தரும் என்பது முடிவு. பின்னாளில் தபால் நிலையத்திலேயே காலணாவுக்குக் குயினின் பொட்டலம் விற்றது. முறைக்காய்ச்சல் கண்டவர் கடுதாசி போடப் போன இடத்திலேயே மருந்தும் வாங்கிவரலாம்.

முறைக்காய்ச்சல் என்று ஊரில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய அதே நேரத்தில் குளிர் தூக்கிப்போடும். கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு தகிக்கும். கடைசியில் வியர்த்துக் கொட்டி, ஆள் துவண்டுபோவார். மறுநாள் எழுந்து வேலைக்குப் போகவும் முடியும். அதற்கடுத்த நாள் மறுபடியும் குளிர். ரத்தச் சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி வளர்ந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறும் 48 மணி நேரச் சுழற்சிதான் அந்த முறை. இந்தச் சுழற்சியை மனதில் வைத்துக்கொண்டால், ஆன்டிபயாடிக் எப்படி வேலை செய்கிறது என்பதும் பிறகு எளிதாகப் புரியும்.

1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சுதேசி இயக்கத்தின் ஈர்ப்பில் கதர் அணிந்து கல்லூரிக்குப் போனது அறுவை மருத்துவப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற குறைந்த தகுதியே கிடைத்தது. மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் கற்பித்துவிட்டு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் பல ஆண்டு உழைத்த பின், 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்து அதன் தலைமைக்கு வந்தார். அங்கே 1945இல் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர், மிசௌரி பல்கலைக்கழக வயல் ஒன்றிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளைகளில் ஒன்றுதான் டாக்ஸிசைக்ளின். ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய அது 1967இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. உடம்பில் அதிக நேரம் தங்கும் என்பதால் ஒருநாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ விழுங்கினால் போதும்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. மலேரியா ஒட்டுண்ணியோ பாக்டீரியா இனமே அல்ல. இருந்தும் 1950களின் தொடக்கத்திலேயே ஆரியோமைசினை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் தணிந்தது, ஆனால் மிக மெதுவாக. குளோரோகுயின் கைவசம் இருந்த காலம் அது. மலிவு, வேகம், நம்பகம் மூன்றும் அதற்கு இருந்தன. நாலைந்து நாள் காத்திருக்க வைக்கும் மருந்தை யாரும் நாடவில்லை.

காலம் மாறியது. 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடிய எல்லையிலும் தென் அமெரிக்காவிலும் மலேரியா ஒட்டுண்ணியின் கொடிய வகையான ஃபால்சிபாரம் குளோரோகுயினுக்கு மசியாமல் நின்றது. 1973இல் அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் மலைப்பகுதியிலும் அதே நிலை கண்டறியப்பட்டது. பழைய குயினினை மறுபடி எடுக்க வேண்டிவந்தது. தனியாகக் கொடுத்தால் அதுவும் முழுதாகக் குணமாக்கவில்லை. தாய்லாந்தில் ஆராய்ந்த மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் குயினினோடு டெட்ராசைக்ளினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குயினின் காய்ச்சலை உடனே அடக்கியது. டெட்ராசைக்ளின் பின்னால் வந்து மிச்சமிருந்ததைத் துடைத்தது. மெதுவான மருந்துக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது.

ஏன் மெதுவாக என்ற கேள்விக்கு விடை 1990களில் வரத் தொடங்கியது. மலேரியா ஒட்டுண்ணிக்குள் ஒரு சின்னஞ்சிறு உறுப்பு இருக்கிறது. அதற்கென்று தனி வட்ட டி.என்.ஏ. உண்டு. அதை ஆராய்ந்தபோது, செடியின் பச்சையத்தைத் தாங்கும் உறுப்புக்கு அது உறவு என்று தெரிந்தது. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டுண்ணியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கியிருக்கிறது. பாசி செரியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. ஒளிச்சேர்க்கையை மறந்து, பச்சையத்தை இழந்து, எஞ்சியதற்கு அபிகோபிளாஸ்ட் என்று பெயர். அந்தப் பாசியின் பச்சைய உறுப்பும் ஆதியில் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான். ஆகவே அதற்குள் புரதம் செய்யும் இயந்திரம் பாக்டீரியா வகை. டாக்ஸிசைக்ளின் போய்ப் பிடிப்பது அங்கேதான்.

மருந்து சாப்பிட்ட முதல் 48 மணி நேரச் சுழற்சியில் ஒட்டுண்ணிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வளர்கிறது, பிரிகிறது, சிவப்பணுவை உடைக்கிறது. ஆனால் அதன் குஞ்சுகள் பழுதான அபிகோபிளாஸ்டோடு பிறக்கின்றன. அடுத்த சுழற்சியில் அவை வளர முடியாமல் சாகின்றன. மருந்து வேலை செய்வது தாயிடம் தெரியாது, பிள்ளைகளிடம்தான் தெரியும். கடும் மலேரியாவில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை. அதனால் இரண்டாம் சுழற்சி வரை காத்திருக்கும் மருந்தைத் தனியாக நம்பவே கூடாது.

ஒற்றை மருந்து போதாது என்ற பாடத்தை இந்தப் பகுதி காசநோயிடமிருந்து முன்பே கற்றிருந்தது. டாக்டர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் திறந்தபோது நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவுமே சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. தனியாகக் கொடுத்தபோது சில மாதங்களிலேயே கிருமி அதற்குப் பழகிவிட்டது. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கிருமிக்குத் தப்பிக்க வழியில்லை என்பது தெளிந்தது. 1956இல் மெட்ராஸில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரு மருந்துகளைச் சேர்த்தே நடந்தது. அப்படிக் கொடுத்தால் வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று அது உலகுக்குக் காட்டியது. மலேரியா மருத்துவம் இந்த ஒழுங்குக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தை மாத்திரையாகத் தனித்து விற்பதை இந்தியா தடை செய்தது 2009இல்.

இத்தனைக்கும் நடுவே புறநகரில் மலேரியா எப்படி இருந்தது? நாட்டு விடுதலையின்போது இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது என்பது கணிப்பு. எட்டு லட்சம் பேர் இறந்தார்கள். 1953இல் தேசியத் திட்டம் தொடங்கி வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். 1960களின் நடுவில் நோயாளிகள் ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்தார்கள். ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய நேரத்தில் அது திரும்பியது. 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. சுவரில் மருந்தடிப்பது வயல்வெளிக் கிராமத்துக்கான முறை. நகரத்துக் கொசுவின் வாழ்க்கை வேறு. அதை உணர்ந்துதான் 1971இல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் தனியாக வந்தது.

ஸ்டீஃபன்சி சாக்கடையில் முட்டையிடுவதில்லை. அதற்குத் தேவை தெளிந்த நீர். வீட்டுக் கிணறு, மொட்டைமாடித் தொட்டி, தரைக்கடி சம்ப், கட்டடம் கட்டும் இடத்தில் சிமென்ட் ஆற நிறுத்திவைக்கும் நீர், இவையெல்லாம் அதற்கு வசதி. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நிலையத்துக்கு நிலையம் குடியிருப்பு முளைத்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று மனை போட்டவர்கள் முதலில் தோண்டியது கிணறு. குழாய் நீர் ஒருநாள் வந்து ஒருநாள் வராத ஊரில் தொட்டி இல்லாமல் வாழ முடியாது. தண்ணீர்ப் பஞ்சம் கூடக் கூட, சேமித்துவைக்கும் பாத்திரங்களும் கூடின. ஏரி வற்றினாலும் ஸ்டீஃபன்சிக்குக் கவலை இல்லை. மாடியில் அதற்குத் தண்ணீர் இருந்தது.

இந்தச் சிக்கலுக்கு மெட்ராஸ் ஒரு சட்டத்தை முன்கூட்டியே வைத்திருந்தது. 1939இன் மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு பெருகும்படி தண்ணீரைத் தேக்கி வைக்காமல் பார்த்துக்கொள்வதை வீட்டு உரிமையாளரின் பொறுப்பாக்கியது. கிணற்றுக்குக் கொசு புகாத மூடி போடச் சொல்லி நோட்டீஸ் தர அதிகாரம் இருந்தது. மூட முடியாத கிணறுகளில் கம்பூசியா மீன் விட்டார்கள். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன், கொசுப் புழுக்களைத் தின்று தீர்க்கும்.

சென்னையில் கொசு ஒழிப்புப் பணியாளர்களை இன்றும் மலேரியா தொழிலாளர்கள் என்றே அழைக்கிறார்கள். டெங்கு வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அப்படி ஒரு பணியாளர் மாடிக்கு ஏறி, தொட்டி மூடியை நகர்த்தி, நீண்ட கைப்பிடி உள்ள வெள்ளைக் கரண்டியால் மேல்நீரை மொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார். புழு தலைகீழாகத் தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். நீரின் மேல்பரப்பை ஒட்டி, துரும்பு மிதப்பதுபோலப் படுத்துக் கிடந்தால் அனோஃபிலிஸ். அந்த ஒரு பார்வையில் அந்தத் தெருவுக்கு மலேரியா வர வழியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

காய்ச்சல் கண்டவரிடம் நடக்கும் வேலை இன்னும் நுட்பமானது. இடது கை மோதிர விரலில் குத்தி, ஒரே கண்ணாடி வில்லையில் கனமாக ஒரு பொட்டும், மெல்லியதாக ஒரு தடவலும் எடுப்பார்கள். கனமானதில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவார்கள். மெல்லியதில் அது வைவாக்ஸா ஃபால்சிபாரமா என்று பிரித்தறிவார்கள். அதற்குப் பயன்படும் ஜே.எஸ்.பி. சாயம், ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இந்திய விஞ்ஞானிகள் 1940களில் உருவாக்கியது. முன்பெல்லாம் ரத்தம் எடுத்த கையோடு, முடிவு வருவதற்குள் நாலு குளோரோகுயின் மாத்திரை கொடுத்து அனுப்புவது வழக்கம். அந்தப் பழக்கம் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதே இன்றைய விதி.

அந்த விதிக்கு ஒரு தெற்குச் சென்னைக் காரணம் இருக்கிறது. பெசன்ட் நகர் மலேரியா கிளினிக்கில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவு பல ஆண்டு ஆய்வு நடத்தியது. அங்கு வந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருந்தது வைவாக்ஸ். ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்துக்கூட எழுந்து வரும் வகை அது. டாக்ஸிசைக்ளின் ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைத்தான் தாக்கும். ஈரலில் உறங்குவதை அது தொடாது. வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினும், உறங்குவதை அழிக்கப் பதினான்கு நாள் பிரைமகுயினும் வேண்டும். காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே பிரைமகுயினை நிறுத்திவிடுபவரின் உடம்பில் நோய் தங்கிவிடும், அவர் வழியே பக்கத்து வீட்டுக்கும் போகும்.

அப்படியானால் டாக்ஸிசைக்ளினுக்கு இங்கே என்ன இடம்? மத்திய அரசின் நெறிமுறை அதை முக்கியமாக இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. ஒன்று, கடும் மலேரியா. முதலில் ஊசி வழியாக ஆர்டிசுனேட்டோ குயினினோ கொடுத்து உயிரைக் காக்கிறார்கள். குயினின் வழியில் போனால் அதோடு டாக்ஸிசைக்ளின் ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதைத் தருவதில்லை, பதிலாகக் கிளிண்டாமைசின். வளரும் பல்லிலும் எலும்பிலும் டெட்ராசைக்ளின் படிந்துவிடும் என்பது காரணம்.

இரண்டாவது இடம் தடுப்பு. ஆனால் அது ஊரில் இருப்பவருக்கு அல்ல, ஊரைவிட்டுப் போகிறவருக்கு. மலேரியா மிகுந்த பகுதிக்கு ஆறு வாரத்துக்குள் போய்த் திரும்பும் பெரியவர் நாளுக்கு 100 மில்லிகிராம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். புறப்பட இரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். கடைசிநாள் கடித்த கொசுவின் ஒட்டுண்ணி ஈரலிலிருந்து ரத்தத்துக்கு வரும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நான்கு வாரம். இது வெறும் நம்பிக்கை அல்ல. 1990களில் இரியன் ஜயாவுக்குப் பணியில் சென்ற இந்தோனேசிய வீரர்களிடம் நடந்த ஆய்வில், தினசரி டாக்ஸிசைக்ளின் ஏறத்தாழ முழுப் பாதுகாப்பைத் தந்தது. ஆஸ்திரேலிய ராணுவமும் அதைத் தன் முதன்மைத் தடுப்பு மருந்தாக வைத்தது.

மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் சென்னைக்காரர்கள் அதற்கான ஊசிக்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வருகிறார்கள். ஊசி போட்ட சான்று இல்லாமல் விமானம் ஏற முடியாது. மலேரியா மாத்திரைக்கு அப்படி யாரும் சான்று கேட்பதில்லை. அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள் ஊசி போடும் நாளிலேயே மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றியும் கேட்டுவிடுவது உயிர்காக்கும் பழக்கம். கேப்சூலை ஒரு தம்ளர் தண்ணீரோடு, உணவுக்குப் பின், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் எளிதில் சிவந்து எரியும். இரும்புச்சத்து மாத்திரையையும் ஜெலுசில் போன்ற அமில நீக்கிகளையும் கூடவே சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

புறநகரில் இருப்பவர் காய்ச்சல் வருமோ என்று பயந்து டாக்ஸிசைக்ளினை விழுங்குவதில் எந்தப் பயனும் இல்லை. ரத்தம் சோதிக்காமல் அரைகுறையாகச் சாப்பிட்டால், ஒட்டுண்ணி சற்று அடங்கி, வில்லையில் தெரியாமல்போய், நோய் கண்டறிவதே தள்ளிப்போகலாம். எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைஃபஸுக்கும் காப்பாற்ற வேண்டிய மருந்தை இப்படி வீணாக்குவது பெரிய இழப்பு.

2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் முன்னும் நிற்பது நாட்டின் இலக்கு: 2030க்குள் இந்தியாவிலிருந்து மலேரியாவை முற்றாக ஒழிப்பது. உள்ளூரில் பரவும் நோயை 2027க்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது அதற்கு முந்தைய படி. அந்தப் படியை ஏறும் நேரத்தில் ஸ்டீஃபன்சி ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. 2012இல் ஜிபூட்டியிலும், 2016இல் எத்தியோப்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே டவா நகரில் வறண்ட பருவத்திலேயே மலேரியா மூண்டது. ஆப்பிரிக்காவின் மலேரியா பெரும்பாலும் கிராமத்து மழைக்கால நோய். அதை நகரத்துக்குக் கொண்டுவந்திருப்பது மெட்ராஸ் கிணறுகளிலும் தொட்டிகளிலும் நூறாண்டாகப் பழகிய அதே கொசு இனம்.

அந்த நகரங்களுக்கு இப்போது தேவைப்படுவது இங்கே பழகிய வேலைதான். எந்தத் தொட்டியில் புழு படுத்துக் கிடக்கிறது என்று கரண்டியால் மொண்டு பார்ப்பது, மூடாத கிணற்றுக்கு நோட்டீஸ் தருவது, மீன் விடுவது, விரலில் குத்தி வில்லை எடுப்பது, பதினான்கு நாள் மாத்திரையை முடிக்கச் சொல்லி வீடுதேடிப் போவது. தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் புதிதாக எழும் அடுக்குமாடிகளின் சம்ப்புகளுக்கும் மாடித் தொட்டிகளுக்கும் இவை அத்தனையும் தேவை. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் தொழிலாளர்களின் தற்காலிகக் குடியிருப்புகளில் ரத்தச் சோதனையை இன்னும் விரிவாக நடத்தினால், நோய் ஊருக்குள் பரவும் முன்பே பிடித்துவிடலாம்.